பெட்டி மேல் எழுதிய ஆறாயிரம்

"அப்ப மிச்சம் ஆயிரத்து இருநூறுக்குக் காசு யாருண்ணே தர்றது?"

கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் வாங்கிய ரேம் பெட்டியில் 6000 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நான் அவருடைய கம்ப்யூட்டரை 4800-இல் நிறுத்திவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு கிலோ சர்க்கரைக்குக் காசு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எடை போட்டால் எண்ணூறு கிராம் நின்றது போன்ற குரலில் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரேம் விற்கிற கடைக்காரரும், யூடியூபில் கம்ப்யூட்டர் பூட்டிக் காட்டுகிறவர்களும், விவரம் தெரிந்த அத்தை மகனும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். பெட்டியில் இருக்கும் எண் நீ வாங்கிய சரக்கு. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை ஆன் செய்தால் அது உன் கைக்கு வரும். வரவில்லையென்றால் ரேம் பழுது, இல்லை மதர்போர்டு மட்டம். வந்து, விண்டோஸும் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. கேபினெட்டின் கண்ணாடியை மூடலாம். இந்த நாலு வரியும் பிழை என்பதுதான் என் கட்சி. முதல் மூன்றும் பர்ஸைக் கடிக்கும். நாலாவது, நாம் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளையே தின்னும்.

முதலில், அந்த 6000 யாருடைய எண்?

ரேமின் வேகத்துக்குத் தரம் வகுக்கிற அமைப்பு ஜெடெக். இன்றைய ரேம் வகையான டிடிஆர்5-க்கான தரத்தை அது 2020 ஜூலையில் வெளியிட்டது. அந்தத் தரத்தின்படி ரேம் 1.1 வோல்ட்டில் ஓட வேண்டும். புது ரேமைச் சொருகி, பயாஸில் எதையும் தொடாமல் ஆன் செய்தால் பெரும்பாலும் 4800 அல்லது 5600 என்றுதான் ஓடும். அது ஜெடெக் எண். ரேம் பலகையில் ஒரு சின்னச் சில்லு உண்டு. இந்த ஸ்டிக் எந்த வேகத்தில், எந்த வோல்ட்டில், எந்தத் தாமதக் கணக்கில் ஓடும் என்ற ஜாதகம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஜெடெக் வரிகளுக்குக் கீழே, தயாரிப்பாளர் தன் பொறுப்பில் எழுதிய இன்னொரு ஜாதகமும் இருக்கும். இந்த ஏற்பாட்டை 2007-இல், டிடிஆர்3 காலத்தில், இன்டெல் கொண்டுவந்தது. அதுதான் எக்ஸ்எம்பி. ஏஎம்டி 2022-இல் எக்ஸ்போ என்று தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது. 6000 என்ற எண் இருப்பது இந்த இரண்டாம் ஜாதகத்தில், வோல்ட்டும் 1.1-இல் இருந்து பல சமயம் 1.35-க்கு ஏறியிருக்கும்.

இனி ப்ராசசர் பக்கம் வருவோம். ரேமோடு பேசுகிற மெமரி கண்ட்ரோலர் இப்போதெல்லாம் ப்ராசசருக்குள் இருக்கிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி எழுத்தில் கொடுத்த உறுதி 5200. ரைசன் 9000-க்கு 5600. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைக்கும் 5600. இவையெல்லாம் இரண்டு ஸ்டிக் போட்டால். ரைசனில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி தரும் உறுதி 3600-க்கு இறங்கிவிடுகிறது. அச்சுப்பிழை இல்லை, மூவாயிரத்து அறுநூறுதான். அந்தத் தம்பியின் ரைசனில் நாலு ஸ்டிக். ஆக, நான் நிறுத்திய 4800, ப்ராசசர் செய்தவர் கையெழுத்துப் போட்டதைவிட ஆயிரத்து இருநூறு அதிகம். காசு யார் தருவது என்ற கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அவர்தான் எனக்குத் தர வேண்டும்.

ரேம் கம்பெனி 6000 என்கிறது, ப்ராசசர் கம்பெனி 5200 என்கிறது. இரண்டில் எது "நிர்ணயித்த வேகம்"? நம்மூர் வழக்கம், எண் எதில் பெரிதோ அதை நம்புவது. இதில் ஏஎம்டியும் சுத்தக் கை இல்லை. ரைசன் 7000 வந்தபோது, விளையாட்டுப் பிரியர்களுக்கு 6000 தான் சரியான இடம் என்று அதுவே விளம்பரம் செய்தது. அடிக்குறிப்பில் மட்டும், வரையறைக்கு மேல் மெமரியை ஓட்டுவது ஓவர்கிளாக்கிங், நாங்களே தந்த வசதியைக் கொண்டு செய்தாலும் உத்தரவாதம் போகும் என்று எழுதி வைத்தது. மேடையில் கை தட்டி அழைப்பது, கீழே பொடி எழுத்தில் கழன்றுகொள்வது. இன்டெலின் எக்ஸ்எம்பி பக்கத்திலும் இதே சங்கதிதான். "எக்ஸ்எம்பி ஓவர்கிளாக்கிங் இல்லீங்க, அது ஸ்டாண்டர்ட்" என்று அடித்துப் பேசுகிறவர்கள், அதை உருவாக்கியவர்களே அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம்.

அமெரிக்காவில் இந்த எண் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2133-க்கு மேல் என்று விற்ற டிடிஆர்4, 4800-க்கு மேல் என்று விற்ற டிடிஆர்5 ஆகியவற்றின் விளம்பரம் வாங்குபவரை ஏமாற்றுகிறது என்று கோர்சேர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2025-இல் 55 லட்சம் டாலர் தந்து சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. இந்தச் செய்தியைக் காட்டி, "பார்த்தீங்களா, எண் நம்ம உரிமை" என்கிறார்கள். எனக்கு நேர் எதிராகப் படுகிறது. சொருகியவுடன் வருவதாக நினைக்க வைத்துவிட்டு, உண்மையில் பயாஸில் கைவைத்தால்தான் வரும் என்பதை மறைத்தார்கள் என்பதே அங்கே புகார். எண்ணுக்கு நிபந்தனை உண்டு என்பதைப் பெட்டியில் சொல் என்கிறது வழக்கு. நிபந்தனையே கிடையாது என்பதல்லவா நம்மவர் வாதம்?

நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 6000 என்றால் ஒரு நொடிக்கு ஒரு கம்பியில் 600 கோடி முறை தகவல் மாறுகிறது என்று பொருள். (பெட்டியில் மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது பொய். கடிகாரத் துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ்தான். துடிப்புக்கு இருமுறை தகவல் போகிறது. சிபியு-இசட் மென்பொருளில் 3000 என்று பார்த்துவிட்டு, பாதி ரேம்தான் வேலை செய்கிறது என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.) ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் 600 கோடியில் ஒரு பங்கு, சுமார் 167 பிக்கோ நொடி. அந்த நேரத்தில் வெளிச்சமே ஐந்து சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டின் செப்புக் கோட்டில் மின்குறி அதில் பாதி வேகத்தில் போகிறது என்று வையுங்கள், இரண்டரை சென்டிமீட்டர். ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவே அதைவிட நீண்ட கோடு ஓடுகிறது. முதல் பிட் போய்ச் சேருவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் அதே கோட்டில் பின்னால் வந்துகொண்டிருக்கும். கோயில் வரிசையில் முட்டிக்கொண்டு நிற்பது போல.

இப்படி அவகாசம் கரைந்துபோன இடத்தில், கோட்டின் நீளம், வளைவு, போர்டில் எத்தனை அடுக்குச் செம்பு, சாக்கெட்டில் ப்ராசசர் எவ்வளவு சீராக அமர்ந்திருக்கிறது என எல்லாமே கணக்கில் வருகிறது. ஒரே மாடல் ப்ராசசர் இரண்டில் ஒன்றின் கண்ட்ரோலர் 6400-ஐத் தாங்கும், மற்றது 6000-இலேயே மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் ஒவ்வொரு கோட்டிலும் மாதிரித் தகவலை அனுப்பி, எந்த நொடித்துளியில் படித்தால் சரியாக வருகிறது என்று தேடிப் பிடிக்கிறது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். புது ரைசன் முதல்முறை ஆன் ஆக நிமிடக்கணக்கில் கறுப்புத் திரை காட்டுவது இதனால்தான். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து, ரேம் செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் எண்ணிக்கையை ரேம் கம்பெனிகள்தான் சொல்ல வேண்டும்.

நாலு ஸ்டிக் போடும்போது ஏன் இத்தனை இறக்கம் என்பதும் இங்கேதான் புரியும். நாலு ஸ்லாட் போர்டில் ஒரு சேனலுக்கு இரண்டு ஸ்லாட், இரண்டுக்கும் ஒரே கோடு. ப்ராசசரிலிருந்து கிளம்பும் கோடு முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. ஒரே ஸ்டிக்கை முதல் ஸ்லாட்டில் போட்டால், மீதிக் கோடு முட்டுச் சந்தாகத் தொங்கும். மின்குறி அதில் போய் மோதி எதிரொலித்துத் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் கலைக்கும். இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு என்று கையேடு சொல்வதன் காரணம் இது. அழகுக்காக ஒன்றாவது, மூன்றாவதில் போட்டு வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில், ஸ்டிக்கை ஒரு ஸ்லாட் நகர்த்தியே "பழுதான" ரேமைக் குணப்படுத்தியிருக்கிறேன். நாலையும் நிரப்பினால், ஒரே கோட்டில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். சுமை கூடுகிறது, குறி மங்குகிறது, கண்ட்ரோலர் திணறுகிறது.

தம்பி முதலில் இரண்டு வாங்கினார். அது 6000-இல் ஓடியது. எட்டு மாதம் கழித்து, அதே பெயர், அதே நிறம், அதே எண் கொண்ட இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகினார். ரேம் கம்பெனி சோதித்துப் பார்ப்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஜோடியை. இரண்டு பெட்டி சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது வாக்குத் தரவில்லை. ஒரே பெயருக்குள் இந்த மாதம் ஹைனிக்ஸ் சில்லு இருக்கும், வேறொரு மாதம் சாம்சங்கோ மைக்ரானோ இருக்கும். இரண்டு பெட்டியிலும் 6000 என்று எழுதியிருப்பதால் இரண்டும் சேர்ந்து 6000 ஓடும் என்பது, இரண்டு பேரும் நல்ல பாடகர்கள், ஆகவே சேர்ந்து பாடினால் சுருதி சேரும் என்பது போன்ற நம்பிக்கை.

ஆனால் கம்ப்யூட்டர் திறந்தது. விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரில் 6000 என்று காட்டியது. பாடத்தின் நாலாவது வரிப்படி வேலை முடிந்தது.

இங்கேதான் என் கோபம். "ஓடுது" என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சேனல், ஒவ்வொன்றும் 64 பிட் அகலம், நொடிக்கு 600 கோடி மாற்றம். முழு வீச்சில் நொடிக்கு 76,800 கோடி பிட் போகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 27 கோடி கோடி பிட். பத்து கோடி கோடி பிட்டுக்கு ஒன்று தவறினாலும், மணிக்கு இரண்டு மூன்று பிழை நிச்சயம். அதில் ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும் படத்தின் ஒரு புள்ளியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் உயிர்நாடியில் விழுந்தால் நீலத்திரை. சேமித்துக்கொண்டிருக்கும் கோப்பில் விழுந்தால், கோப்பு கெட்ட நிலையிலேயே சேமிக்கப்படும். அதைத்தான் நீங்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் பேக்அப் எடுப்பீர்கள். கெட்டது இரண்டு பிரதியாகும்.

இந்தப் பிழை "நான் ரேம் பேசுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வராது என்பதே பெரிய தொல்லை. தம்பியின் கம்ப்யூட்டரில் முதலில் பிரவுசர் டேப் தானாக மூடியது. குரோம் சரியில்லை என்றார். ஜிப் கோப்பு பிரிக்க மறுத்தது. டவுன்லோட் சரியில்லை என்றார். மூன்று மணி நேர ரெண்டர் இரண்டே கால் மணியில் செத்தது. எடிட்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பு சரியில்லை என்றார். விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டார். அந்த இரண்டு முறையும் விண்டோஸ் கோப்புகள் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போயின என்பதை நான் சொன்னபோது சிரிக்கவில்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கிறது. 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் காரணமில்லாமல் செத்து விழுந்தன. புதிதாகச் சேர்த்த கெர்னல் மாற்றம் எதுவோ குற்றவாளி என்றுதான் அவருக்கும் முதல் சந்தேகம் போனது. கடைசியில் இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ஒரு ரேம் ஸ்டிக் கெட்டிருந்தது. மெம்டெஸ்ட் மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விட்டுத்தான் உறுதி செய்தார். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதியது இன்னும் சுவாரஸ்யம். விண்டோஸ் செத்ததாக வந்த அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தால், சாகவே முடியாத இடத்தில் செத்திருக்கிறது: ப்ராசசருக்குள் இருக்கும் ஒரு எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் கட்டளை, அது மெமரியைத் தொடவே தொடாது. விசாரித்தால், ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர்கள். சிலருக்குத் தங்கள் கம்ப்யூட்டர் ஓவர்கிளாக் ஆகியிருப்பதே தெரியாது. கடையில் செய்து விற்றிருக்கிறார்கள். அது ப்ராசசர் கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு: எக்ஸ்எம்பியை ஆன் செய்துவிட்டு வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் கடைக்காரர் வேறு என்ன செய்கிறார்?

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நைட்டிங்கேல், டூசர், ஆர்கோவன் மூவரும் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்கள் சுமார் பத்து லட்சத்தின் அறிக்கைகளை அலசினார்கள். வேகம் கூட்டப்பட்டவை அதிகம் செத்தன. வரையறைக்குக் கீழே ஓட்டப்பட்டவை குறைவாகச் செத்தன. ஒருமுறை செத்தது மறுபடி சாவதற்கான வாய்ப்பு பல மடங்கு. 2009-இல் கூகுள் தன் சர்வர்களின் ரேமைக் கணக்கெடுத்து வெளியிட்ட ஆய்விலோ, ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு எந்திரங்கள் ஒரு பிழையையாவது கண்டிருந்தன. ஓவர்கிளாக் என்ற பேச்சே இல்லாத ராஜகம்பீரச் சர்வர்கள் அவை. அவற்றில் பிழை திருத்தும் ஈசிசி ரேம் இருந்தது. அதனால் எண்ண முடிந்தது. நம் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியில் எண்ணுவதற்கு யாரும் இல்லை. எண்ணாததால் பிழையே இல்லை என்று நம்புகிறோம்.

"டிடிஆர்5-இல் ஈசிசி உள்ளேயே இருக்கே சார்" என்று ஒரு இளைஞர் என்னை மடக்கினார். இருக்கிறது. அது சில்லுக்குள் சேமித்து வைத்த பிட் கெட்டால் திருத்தும். சில்லிலிருந்து ப்ராசசருக்குப் போகும் கோட்டில், அந்த 167 பிக்கோ நொடி நெரிசலில், தொலையும் பிட்டுக்கு அது காவல் இல்லை. 6000-இல் நாலு ஸ்டிக் போட்டுத் திணறும் கம்ப்யூட்டரின் சிக்கல் பெரும்பாலும் வழியில்தான்.

சரி, ஓடவில்லை, என்ன செய்யலாம்? பிரபலமான வைத்தியம்: வோல்ட்டைக் கூட்டு. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆன் செய்தவுடன் நாம் கேட்காமலே பல போர்டுகள் இதைச் செய்துவிடும். ரேமுக்கு மட்டுமின்றி, ப்ராசசருக்குள் கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கும் கூடுதல் வோல்ட் தரும். அதன் விலையை 2023 ஏப்ரலில் உலகம் பார்த்தது. ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில, எக்ஸ்போவில் ஓடிக்கொண்டிருந்தவை, சாக்கெட்டோடு கருகின. அடிப்பக்கம் உப்பிப்போன படங்கள் வந்தன. அதன் பிறகு ஏஎம்டி அந்தப் பகுதியின் வோல்ட் 1.3-ஐத் தாண்டக்கூடாது என்று பயாஸ் வழியாகவே கடிவாளம் போட்டது. ஒரு வரியை ஆன் செய்வதில் என்ன போய்விடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, ஒரு ப்ராசசரும் ஒரு மதர்போர்டும் போயின என்பது பதில்.

பெரிய எண் என்றால் அதிக வேகம் என்ற மூல நம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன். ரேமில் கேட்டது கையில் கிடைக்கும் வரை ஆகும் தாமதம் வேறு, அள்ளிக்கொண்டு வரும் அளவு வேறு. பழைய டிடிஆர்4-இல் 3200 சிஎல்16 (சிஎல் என்பது தாமதக் கணக்கு) என்றால் அந்தத் தாமதம் 10 நானோ நொடி. இன்றைய டிடிஆர்5-இல் 6000 சிஎல்30, அதுவும் 10 நானோ நொடி. எண் கிட்டத்தட்ட இருமடங்கு ஆகிவிட்டது, தாமதம் நின்ற இடத்தில் நிற்கிறது. ரைசனில் சுமார் 6000 வரை கண்ட்ரோலரும் ரேமும் சம துடிப்பில் ஓடும். அதற்கு மேலே வெகுதூரம் போனால் கண்ட்ரோலர் பாதித் துடிப்புக்கு இறங்கிக்கொள்ளும். கூடுதல் காசு கொடுத்து 7200 வாங்கி, தாமதத்தில் 6000-இடம் தோற்றவர்கள் இருக்கிறார்கள். பெட்டி எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டதால் தோல்வி அவர்களுக்குத் தெரியாது.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரண்டு ஸ்டிக், 6000, நல்ல போர்டு என்றால் பத்தில் பெரும்பாலானவை எக்ஸ்போ ஆன் செய்ததும் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. என் வீட்டுக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஓடுகிறது. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன். அதை ஆன் செய்யாமல் 4800-இலேயே விட்டு வைப்பது, வாங்கிய ஏசியை ஆன் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சமம் என்றும் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை எக்ஸ்எம்பியோடு இல்லை. அதை ஆன் செய்வதை முடிவாக எடுத்துக்கொள்வதோடுதான். அது ஒரு விண்ணப்பம். உன் ப்ராசசரும் போர்டும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் உண்டு.

ஒப்புக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? ராத்திரி முழுக்கக் கேட்டால் தெரியும். முதலில் பயாஸைப் புதுப்பிப்பேன். ரைசன்களில் ரேம் நடத்தை பயாஸ் பதிப்போடு நிறையவே மாறும், 2017-இல் முதல் ரைசன் வந்தபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டுக்கு மாற்றுவேன். பிறகு எக்ஸ்போ. பிறகு விண்டோஸுக்குப் போகாமல், பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86, நாலு சுற்று. அது தேறினால் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது கர்ஹு என்ற சோதனை மென்பொருள், சில மணி நேரம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே வந்துச்சு" என்பவரிடம் மறுபடி அந்த 27 கோடி கோடிக் கணக்கைக் காட்டுவேன். தோற்றால் வோல்ட்டைத் தொட மாட்டேன். ஒரு படி இறங்கி 5800, பிறகு 5600. 6000-க்கும் 5600-க்கும் அள்ளும் அளவில் ஏழு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. அன்றாட வேலையில் கடிகாரம் வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம் ஊருக்கு இன்னொரு சோதனை உண்டு. ரேமின் பிட் என்பது துளி மின்னேற்றம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் அதை மில்லிநொடிக் கணக்கில் திரும்பத் திரும்ப நிரப்புகிறது. சூடு ஏறினால் கசிவு கூடும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் இருமடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்று தரமே சொல்கிறது. டிடிஆர்5-இல் மின்சாரத்தைச் சீராக்கும் சில்லும் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்து சூடாகிறது. இதற்குப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு ஊதும் அனல். ஏசி அறையில் மார்கழி காலையில் தேறிய ரேம், சித்திரை மத்தியானம் ரெண்டர் ஓடும்போது தேறும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே ரேம் சோதனையை ஓட விட்டு, கூடவே கிராஃபிக்ஸ் கார்டையும் உழைக்க விட்டு, ஏசியை நிறுத்தி வைப்பேன். வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. சோதனை முடியும் வரை அவர்களும் அந்த அறையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

தம்பியிடம் இரண்டு வழி சொன்னேன். ஒன்று, இரண்டு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 6000. மற்றொன்று, நாலும் இருக்கட்டும், வேகத்தை இறக்கலாம். நாலு கேமரா ஃபுட்டேஜை ஒரே டைம்லைனில் அடுக்குகிறவருக்கு வேகத்தைவிட இடம்தான் முக்கியம் என்று அவரே முடிவு செய்தார். 5600-இல் பத்தாவது நிமிடமே பிழை. 5200-இல் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்து, பிறகு ஒரே ஒரு பிழை. அங்கேதான் அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். 4800-இல் இரண்டு ராத்திரி. சுத்தம்.

கிளம்பும்போதுதான் அந்த ஆயிரத்து இருநூறு கேள்வி வந்தது. ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். கெட்டுப்போய்க்கொண்டிருந்த அந்தக் கல்யாணம் முழுதாக ரெண்டர் ஆகிவிட்டது, மூன்று மணி இருபது நிமிடம் ஆனது என்றார். குரலில் கொஞ்சம் குறை இருந்தது. "6000-ல எவ்வளவு நேரம் ஆச்சுப்பா?" என்று கேட்டேன்.

"அதுல ஒரு தடவகூட முடியலையேண்ணே" என்றார்.